கடல்வாழ் உயிரினங்களின் பயணமும் இலத்திரனியல் அடையாளக் கருவிகளும்

கரையிலே முட்டையிட்டுவிட்டு மீண்டும் நீருக்குள் இறங்கும் ஆமை எங்கே செல்கின்றது? இவ்வினாவுக்கு நீண்ட காலமாகத் தெளிவான விடை இருக்கவில்லை. தரைவாழ் விலங்கின் சுவட்டைப் பின்தொடரலாம். கடலிலே சுவடு பதிவதில்லை. இலக்கமிட்ட உலோகத் தகட்டை ஆமையின் துடுப்பிலே பொருத்திவிட்டுக் காத்திருப்பதே நெடுங்காலம் கையாளப்பட்ட வழியாகும். அந்த ஆமை மீண்டும் எவரது கையிலாவது அகப்பட்டால், புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரியவரும். இடையிலுள்ள பாதை தெரியவராது.

2021 மார்ச்சில் இந்தியாவின் ஒடிசாக் கரையில் தகடு பொருத்தப்பட்ட ஒலிவ் ரிட்லி ஆமையொன்று, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் முட்டையிட வந்தது. வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக்கடலுக்கு அது இலங்கையைச் சுற்றிச் சென்றதா, பாக்கு நீரிணையினூடாகச் சென்றதா என்பதை அத்தகடு கூறாது.

இக்குறையை நிவர்த்தி செய்யவே இலத்திரனியல் அடையாளக் கருவிகள் உருவாக்கப்பட்டன. 1960களில் அந்தாட்டிக்காவில் ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சமையலறையில் நேரங்கணிக்கப் பயன்படும் சாதனத்தைக் கொண்டு, கடல்நாய்கள் எவ்வளவு ஆழத்துக்கு மூழ்குகின்றன என்பதைப் பதிவு செய்யும் கருவியொன்றை அமைத்தார். அந்த எளிய முயற்சியின் வழித்தோன்றல்களே இன்றைய கருவிகள் எனலாம்.

இன்று பயன்படுவனவற்றை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, ஒலிக் கருவி. இது தனக்குரிய இலக்கத்தை ஒலித்துடிப்பாக வெளியிடும். கடலடியில் நிறுவப்பட்ட ஏற்பிகளுக்கு அண்மையில் உயிரினம் வரும்போது அத்துடிப்பு பதிவாகும். இரண்டாவது, செய்மதிக் கருவி. வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. ஆகையால் மூச்செடுக்க ஆமை மேலே வரும் சில கணங்களில் மாத்திரமே இது சமிக்ஞையை அனுப்பும். நம்மைக் கடந்து செல்லும் புகையிரதத்தின் ஊதொலி மாறிக் கேட்பது போல, நகரும் செய்மதியில் அச்சமிக்ஞையின் அதிர்வெண் மாறுகின்றது. 1978 முதல் இயங்கிவரும் ஆர்கோஸ் என்னும் செய்மதி முறைமை அம்மாற்றத்தைக் கொண்டு ஆமையின் இடத்தைக் கணிக்கின்றது.

மூன்றாவது, மேலே வராத மீன்களுக்குரிய பதிவுக் கருவி. ஆழம், வெப்பநிலை, வெளிச்சம் ஆகியவற்றை இது சேமித்து வைக்கும். பகற்பொழுதின் நீளத்திலிருந்து அகலாங்கும், நண்பகல் நேரத்திலிருந்து நெட்டாங்கும் கணிக்கப்படும். குறித்த நாளில் உடலைவிட்டுக் கழன்று, மேலே மிதந்து, செய்தியைச் செய்மதிக்கு அனுப்பும் கருவிகளும் இவ்வகையில் உள்ளன.

இக்கருவிகள் பழைய நம்பிக்கைகள் பலவற்றைத் தகர்த்துள்ளன. 2003 நவம்பரில் தென்னாபிரிக்கக் கரைக்கு அப்பால் பெண் வெள்ளைச் சுறாவொன்றுக்கு இத்தகைய கருவி பொருத்தப்பட்டது. 99 நாட்களில் ஏறத்தாழ 11,000 கிலோமீற்றர் கடந்து அது அவுஸ்திரேலியாவை அடைந்தது. 2004 ஆகஸ்டில் அதே சுறா தென்னாபிரிக்கக் கடலில் மீண்டும் காணப்பட்டது. கரையை அண்டி வாழ்வதாகக் கருதப்பட்ட சுறா, இந்து சமுத்திரத்தைக் குறுக்காகக் கடந்து திரும்பியிருந்தது. தன் கடலில் அதனைப் பாதுகாத்த நாடு, ஆழ்கடலில் அதற்கு எவ்விதப் பாதுகாப்பும் வழங்க முடியாதென்பது அப்போதே தெளிவாயிற்று.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் நீலத்துடுப்புச் சூரை மீனின் கதை இன்னும் கவனத்துக்குரியது. இம்மீன் வளத்தை நிர்வகிக்கும் சர்வதேச ஆணைக்குழு, 1980களின் தொடக்கத்தில் மேற்கு நெட்டாங்கு 45 பாகையில் ஒரு கோட்டை வகுத்து, கிழக்கு மீன் வேறு, மேற்கு மீன் வேறு எனப் பங்கீடு செய்தது. 1996 முதல் கருவி பொருத்தி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2005 இல் வெளியாயிற்று. மெக்சிக்கோ வளைகுடாவிலும் மத்தியதரைக் கடலிலும் தனித்தனியாக முட்டையிடும் இரு கூட்டங்களும் இரைதேடும் இடங்களில் ஒன்றுகலக்கின்றன என்பதும், எண்ணிக்கையில் குறைந்த மேற்கு மீன் கோட்டைக் கடந்து கிழக்கின் வலைகளுக்கும் இரையாகின்றது என்பதும் உறுதியாயின. இருகூட்டக் கலப்பையும் கருத்திற்கொண்ட முகாமைத்துவ முறையை ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது 2022 இலேயே. உண்மை தெரிவதற்கும் அதன்படி ஒழுகுவதற்கும் இடையில் கழிந்த ஆண்டுகள் பதினேழு.

எமது கடலும் இதற்கு விலக்கல்ல. 2001 இல் ஒடிசாவில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட நான்கு ஒலிவ் ரிட்லி ஆமைகளுள் ஒன்று இலங்கைக் கடல்வரை வந்தது. தென்னிலங்கையின் ரெக்கவ கரையில் முட்டையிட்ட பத்துப் பேராமைகளுக்கும் பின்னர் கருவிகள் பொருத்தப்பட்டன. அவையனைத்தும் ஒரே வழியிற் செல்லவில்லை. சில அண்மைக் கடலிலே தங்க, ஏனையவை தொலைவுக்குச் சென்றன. ஒரு கரையில் முட்டைகளைக் காவல் செய்வதனால் மாத்திரம் இவற்றைக் காப்பாற்றிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

இங்கேதான் கடற்றொழிலாளரின் பங்கு முக்கியத்துவம் பெறுகின்றது. 2000களில் இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் சூரை மீன்களுக்குச் சாதாரண அடையாளத் துண்டுகள் பொருத்தப்பட்டன. அவற்றுள் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மீளக் கிடைத்தன. மீனைப் பிடித்தவர்களும் அதனைக் கையாண்ட தொழிலாளரும் அவற்றை ஒப்படைத்தமையே அதற்குக் காரணமாகும். அவர்கள் எறிந்திருந்தால் அம்முயற்சி முழுவதும் வீணாகியிருக்கும்.

இலங்கையில் கடலாமைகள் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை. தன் வலையிற் சிக்கி இறந்த ஆமையின் உடலிலே கருவியொன்றைக் காணும் மன்னார், கற்பிட்டி, மூதூர் அல்லது பொத்துவில் கடற்றொழிலாளி என்ன செய்வார்? அதனை ஒப்படைத்தால் விசாரணைக்கு முகங்கொடுக்க நேருமோ என அஞ்சி, சத்தமின்றிக் கடலில் எறிந்துவிடுவதற்கே இடமுண்டு. பல மாதப் பயணத்தின் பதிவும் அத்துடன் மூழ்கிவிடும்.

எனவே தற்செயலாக அகப்பட்ட கருவியை ஒப்படைப்பவர் குற்றவாளியாக நோக்கப்படமாட்டார் என்ற உறுதிமொழி கடற்றொழிலாளருக்கு வழங்கப்படல் வேண்டும். கருவியை எங்கே, யாரிடம் கையளிப்பது என்பது ஒவ்வொரு இறங்குதுறையிலும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்படல் வேண்டும். கருவி சொன்ன செய்தி அதனைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கும் அவரது மொழியிலே தெரிவிக்கப்படுவதே முறையாகும். கடலை நாளாந்தம் காண்பவரை அச்சத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்மதியை மாத்திரம் நம்பும் ஆய்வு நிறைவு பெறாது என்பதே எமது கருத்தாகும்.