படிவத்திலிருந்து அட்டவணைக்கு: ஒரு வரலாற்று நோக்கு

இணையத்தளமொன்றிற் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும், எழுதியவை யாவும் ஒரு விரிதாளிலோ தரவுத்தளத்திலோ ஒரு நிரையாகச் சென்றமர்கின்றன. இடையில் மனிதர் எவருமின்றி இது நடைபெறுவதாகத் தோன்றுவதனால், இச்செயலுக்கு நீண்டதொரு வரலாறு உண்டென்பதும் அது பெருமளவுக்கு உழைப்பின் வரலாறே என்பதும் மறக்கப்பட்டுவிடுகின்றன. கணனியியல் நூல்கள் இவ்வளர்ச்சியைக் கண்டுபிடிப்பாளர்களின் வரிசையாகக் கூறுவதே வழக்கம். படிவத்துக்கும் அட்டவணைக்கும் இடையிலான தூரத்தைக் கடந்தவர் யாவர் என்ற வினாவையே நாம் இங்கு முதன்மைப்படுத்துகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பற்றிய விவரங்களைக் கையால் வகைப்படுத்தி முடிக்க ஏழாண்டுகளுக்கு மேற் சென்றது. குடிவரவினாலும் கைத்தொழிற் பெருக்கத்தினாலும் விரைந்து மாறிக்கொண்டிருந்த ஒரு முதலாளித்துவ அரசுக்கு இத்தாமதம் தாங்கக்கூடியதன்று. 1889இல் ஹேர்மன் ஹொலரித் காப்புரிமை பெற்ற பொறி இந்நெருக்கடியின் விளைவே எனலாம். ஆளுக்கோர் அட்டை, வயது, பால், பிறந்த இடம் முதலியவற்றுக்கு அதிற் குறித்த இடங்களிலே துளைகள். அட்டையின் மீது இறக்கப்படும் ஊசிகளுள் துளை கண்டவை மாத்திரம் ஊடுருவிக் கீழுள்ள இரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சுற்று நிறைவுற்று எண்வட்டின் முள் ஓரலகு நகரும். 1890இல் 6 கோடிக்கு மேற்பட்டோர் இவ்வாறு எண்ணப்பட்டனர். ஹொலரித் 1896இல் நிறுவிய கம்பனி 1911இல் வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது.

ஆயின் அப்பொறி எண்ணியதேயன்றிப் படிவத்தை வாசிக்கவில்லை. கையெழுத்தை வாசித்து அட்டையைத் துளைத்தவர்கள் எழுதுவினைஞர்களே. பின்வந்த பல பத்தாண்டுகளில் இத்தொழில் பெரிதும் பெண்களின் தொழிலாயிற்று. ஒருவர் துளைத்த அட்டையை இன்னொருவர் அதே படிவத்தைப் பார்த்து மீளத் தட்டிச் சரிபார்க்கும் முறையும் ஏற்பட்டது. பொறியின் துல்லியம் எனப் புகழப்பட்டதிற் கணிசமான பங்கு இந்த இரண்டாவது பெண்ணின் கண்களுக்கு உரியது.

மற்றொன்றும் நோக்கற்பாலது. நிரல்கள் விடையளிப்போர் வருமுன்னரே வகுக்கப்படுகின்றன. இது பொறிக்கு மாத்திரம் உரிய இயல்பன்று. இலங்கையின் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பகுப்பு முதன்முறையாக இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அப்பகுப்பு அரச ஏடுகளில் ஏலவே நிலைபெற்றிருந்தது.

1970இல், அதே ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கர் கொட், தரவுகளை நிரை, நிரல்களாலான தொடர்புடைய அட்டவணைகளாக ஒழுங்குசெய்யும் கோட்பாட்டை வெளியிட்டார். 1979இல் விசிகல்க் என்னும் மென்பொருள் விரிதாளைச் சிறு கணனிக்குக் கொணர்ந்தது. 1993இல் இணைய உலாவியில் நிரப்பக்கூடிய படிவம் தோன்றி, 1995இல் எச்.ரி.எம்.எல். 2.0 நியமத்தில் இடம்பெற்றது. தட்டெழுதும் வேலை இப்பொழுது படிவத்தை நிரப்புவோரிடமே, ஊதியமின்றி ஒப்படைக்கப்பட்டது. சரிபார்த்த இரண்டாவது பெண் மறைந்தாள். விடையின் வடிவத்தை மட்டும் சோதிக்கும் செய்நிரல் அவளிடத்தைப் பெற்றது.

தொடக்ககாலச் செய்நிரல்கள் பல, வந்த விடையை மின்னஞ்சலாக அனுப்பின. அல்லது ஒரு கோப்பின் இறுதியில் ஒரு வரியாகச் சேர்த்தன. இருவர் ஒரே கணத்தில் அனுப்பினால் ஒருவருடையது சிதையக்கூடும். எழுதுவோரை வரிசைப்படுத்தும் தரவுத்தளத்தின் தேவை இங்கேதான் உணரப்பட்டது. எனினும் தரவுத்தளமும் எல்லோரையும் ஒருங்கே ஏற்றதில்லை. பரவலாகப் பயன்பட்ட மைஎஸ்கியூஎல், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, வேறெதுவும் குறிப்பிடாதவிடத்து மேற்கைரோப்பிய எழுத்துகளுக்கான தொகுதியையே கைக்கொண்டது. அதனை மாற்றியமைக்காத தளங்களில், தமிழில் எழுதப்பட்ட பெயர் வினாக்குறிகளின் வரிசையாகச் சேமிக்கப்படலாம். எழுதியவருக்கோ 'நன்றி' என்ற செய்தியே கிட்டும்.

இம்மௌனமான இழப்பு எத்துணைப் பாரதூரமானது என்பதை 2020ஆம் ஆண்டு இங்கிலாந்து கண்டது. கொவிட் ஆய்வுகூட முடிவுகளைத் தொகுத்த பொதுச் சுகாதார நிறுவனம், எக்செல் மென்பொருளின் பழைய கோப்பு வடிவத்தைக் கையாண்டது. அவ்வடிவத்தில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. ஒருவரது முடிவோ பல நிரைகளைப் பிடித்தது. எஞ்சியவை விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான காலத்துக்குரிய 15,841 தொற்றாளர் நாளாந்தக் கணக்கிற் சேரவில்லை. தொற்றியோருக்கு முடிவு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடும் பிரிவுக்கு அவ்விவரங்கள் உரிய காலத்திற் சென்றடையவில்லை. பின்னர் கோப்புகள் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து ஏற்றப்பட்டன.