திண்டுக்கல் சீமையின் வீட்டுக் கைவேலைகள்

திண்டுக்கல் என்று சொன்னமாத்திரத்தில் வெளியூரார் பூட்டையும் பிரியாணியையும் நினைக்கிறார்கள். சற்று வயது முதிர்ந்தவர்களாயிருந்தால் சுருட்டையும் புகையிலையையும் சேர்த்துக்கொள்வார்கள். சரித்திரத்தில் பற்றுள்ளவர்களோ, ஊருக்கு மேலே மொட்டையாக எழுந்து நிற்கும் பாறையையும், அதன்மீது 1605-ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பிய கோட்டையையும், 1755-ல் அங்கே பௌஜ்தாராக வந்து சேர்ந்த ஹைதர் அலி பிற்பாடு மைசூருக்கே அதிபதியான விந்தையையும், 1790-ல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்து 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் சீமையையே தனதாக்கிக்கொண்டதையும் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். அக்கோட்டையின் அடிவாரத்திலும் சுற்றுப்புறச் சமவெளியிலும் இருந்த வீடுகளில், சமையற்கட்டிலும் திண்ணையிலும் முற்றத்திலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த கைவேலைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. 1868-ல் நெல்சன் துரை வெளியிட்ட மதுரைச் சீமை நூலும், 1906-ல் பிரான்சிஸ் துரை தொகுத்த மதுரை ஜில்லா கெஜட்டியரும் இன்றளவும் நாம் தேடிப் படிக்கவேண்டிய புத்தகங்கள்தாம். ஆயினும் சர்க்கார் உத்தியோகஸ்தரின் கண்ணுக்கு, வரி விதிக்கத்தக்க பயிரும் ரயிலேற்றத்தக்க சரக்கும் தென்பட்ட அளவுக்கு, ஒரு குடியானவ ஸ்திரீயின் மடியிலிருந்த வேலை தென்படவில்லை. அதில் அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நம்மவர்களும் அதை ஒரு வேலையென்று கணக்கில் வைத்ததில்லை.

கிழக்கே சிறுமலையும் மேற்கே பழநி மலைத்தொடரும் அரண்போல நிற்க, நடுவே கிடக்கும் இச்சமவெளி மானம் பார்த்த பூமி. குடகனாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் கிடக்கும் நாட்களே அதிகம். கம்பும் சோளமும் கேப்பையும் சாமையும் ஆகாரமாயிருந்த தேசத்தில், நெற்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரிய விசேஷமாயிருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று கிராமத்துக் கிழவிகள் சொல்லும் 1876-78 காலத்துக் கொடுமைக்குப் பின்னால், கிடைத்ததைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியமே இல்லறத்தின் முதற் பாடமாக மதிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை. கொத்தவரையும் சுண்டைக்காயும் மாங்காயும் வற்றலாயின. மோரில் ஊறிய மிளகாய் கூரைமேல் காய்ந்தது.

இவற்றுள் எனக்கு மிக விசேஷமாகப் படுவது வெங்காய வடகம். சின்ன வெங்காயம் மலிந்து கிடக்கும் திண்டுக்கல் பிரதேசத்தில், அதன் விலை இறங்கியிருக்கும் வேளையாகப் பார்த்து வாங்கி, தோலுரித்து, உரலில் நையாமல் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைப்பார்கள். மறுநாள் அதை உருண்டை பிடித்து வெயிலில் போடுவார்கள். சாயங்காலம் எடுத்து, கசிந்திருக்கும் நீரிலேயே மறுபடியும் பிசைந்து, அடுத்த நாள் மறுபடியும் உருட்டிப் போடுவார்கள். இப்படியே பல நாட்கள் சென்று, ஈரம் முற்றிலும் வற்றி உருண்டை கருத்து இறுகியபின், விளக்கெண்ணெய் தடவிய கையால் கடைசி உருட்டு உருட்டி மண்பானையில் போட்டுவைத்தால் வருஷம் முழுவதற்கும் தாளிதத்துக்குக் கவலையில்லை. பருப்பும் காய்கறியும் இல்லாத நாளில், வெறும் புளித்தண்ணீரைக் குழம்பாக்கிவிடும் வல்லமை அவ்வுருண்டை ஒன்றுக்கு உண்டு. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்தச் சாசனத்திலும் இல்லை. வறுமையைக் கைத்திறத்தால் சமாளித்தவர்களை நாம் இப்போது ரசனையோடு புகழ்கிறோம். அவர்களுக்கு அது ரசனையாக இருந்திருக்க இடமில்லை என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளுதல் நலம்.

ஆபரண விஷயத்திலும் இப்படித்தான். பொன் நகை என்பது பத்தரின் பட்டறையில் செய்யப்படுவது. ஆனால் அந்தப் பொன்னைத் தாங்குவதற்குரிய காது வீட்டில் செய்யப்பட்டது. நத்தம், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தண்டட்டி தொங்கும் காதுடன் நடமாடிய பாட்டிமார்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காது உருவான விதத்தைக் கேட்டறிந்தவர்கள் குறைவு. பச்சைக் குழந்தைக்குக் காது குத்தி, புண் ஆறுமுன்பே துளையில் பஞ்சுத்திரி செருகுவார்கள்; பிறகு சோளத்தட்டைத் துண்டு; துளை சற்று இடங்கொடுத்ததும் பனையோலைச் சுருள். இறுகச் சுருட்டிய ஓலை தன் இயல்பினால் விரிந்துகொள்ளவே முயன்றுகொண்டிருக்கும். அம்முயற்சி இரவும் பகலும் துளையின் விளிம்பை நாலா பக்கமும் மெதுவாக நெட்டித் தள்ளும். ஒரு சுருள் தளர்ந்தால் அதைவிடப் பெரிய சுருள். இதற்கு வைத்தியரும் வேண்டாம், கருவியும் வேண்டாம். வேலியோரத்துப் பனையும், தாயின் அல்லது பாட்டியின் விரலும் போதும். துளை போதிய அளவு விரிந்தபின், ஈயத்தாலான குணுக்கு என்னும் வளையத்தை மாட்டி, அதன் கனத்தினால் காதை நீட்டுவார்கள். பெண் வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கையில் காது தோளைத் தொட எட்டியிருக்கும்.

அவ்வாறு நீண்ட காதில் கடைசியாக ஏறிய தண்டட்டி, உள்ளே அரக்கு அடைத்து மேலே பொற்றகடு போர்த்த வேலைப்பாடு. பார்வைக்குப் பெரிதாயும் பொன்னின் செலவு அளவாயும் இருக்கவேண்டும் என்ற குடும்பக் கணக்கு அதிலேயே அடங்கியிருந்தது. அதனை வாங்கப் பணமில்லாத வீடுகளில் ஓலைச்சுருளே ஆபரணமாக நின்றுவிட்டதும் உண்டு. சாயம் தோய்த்துச் சிவப்பேற்றிய ஓலைக்கு ஓர் அழகு இருக்கத்தான் செய்தது. இருபதாம் நூற்றாண்டு நடக்க நடக்க, பள்ளிக்கூடம் சென்ற பெண்கள் நீண்ட காதைக் கூச்சத்துக்குரியதாகக் கருதத் தொடங்கினார்கள். நீட்டிய காதை ஆஸ்பத்திரிக்குச் சென்று அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் பலர். அவ்வழக்கம் ஒழிந்ததற்கு நான் வருந்தவில்லை. பேசத் தெரியாத குழந்தையின் சம்மதம் கேட்டு அந்தக் காதை யாரும் நீட்டவில்லை. ஆனால் ஓலையின் விரியும் குணத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்து உபயோகித்த கையை மதிப்பதற்கு அது தடையாகாது.

இனி, முடிச்சுக் கட்டிச் சாயம் தோய்க்கும் புள்ளிச் சேலையான சுங்குடிக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரத்தில், சிறுமலைச் சாரலை நோக்கியிருக்கிறது சின்னாளப்பட்டி. கன்னடம் பேசும் தேவாங்கர்களும் சௌராஷ்டிரர்களும் தறி போட்டு ஜீவித்த ஊர். நாயக்கர் காலத்தில் மதுரையில் வந்து நிலைத்த சௌராஷ்டிரர்கள் கொண்டுவந்து வளர்த்த முடிச்சுச் சாயக்கலை, மதுரையின் பெயராலேயே பிரசித்தி பெற்றதெனினும், சின்னாளப்பட்டி வீடுகளிலும் அது வேரூன்றி, அவ்வூரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கலை என்று சொல்லிவிட்டால் ஏதோ மண்டபத்தில் நடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது சமையலுக்கும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கும் இடையில் கிடைத்த அரை மணி நேரங்களில், வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து பெண்கள் செய்த வேலை.

மெல்லிய பருத்திச் சேலையில் புள்ளிக் கோலம் போடுவதுபோல வரிசையாகக் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் துணியை நகக்கண்ணால் சிட்டிகையாகக் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த குறிக்குப் போகவேண்டும். கிள்ளு பெரிதானால் புள்ளி பெருத்துவிடும். சுற்று தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளியே மறைந்துவிடும். ஒரு சேலைக்குச் சில ஆயிரம் முடிச்சுகள்; நெருக்கமான வேலையாயின் பத்தாயிரத்தையும் தாண்டும். முடிச்சு முடிந்த சேலை சுருங்கி ஒரு கைப்பிடி மூட்டையாகிச் சாயத் தொட்டிக்குப் போகும். முன்னாளில் சாயவேரும் அவுரியும் நிறம் கொடுத்தன. 1869-ல் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரிகள் சாயவேரின் சிவப்பைச் செயற்கையாகச் செய்யும் முறைக்கு உரிமை பெற்ற பின்னர், சில பத்தாண்டுகளில் அப்பொடி கடல் கடந்து வந்து நம் சாயக்காரர்களின் தொட்டியிலும் கரைந்தது. முதல் உலக யுத்தத்தில் அது வராமல் நின்றபோதுதான், பழைய வேரைத் தோண்டுகிற பழக்கத்தையே ஊர் மறந்துவிட்டதென்பது பலருக்கும் புலப்பட்டது. சாயம் ஏறி உலர்ந்த சேலையின் இரு ஓரத்தையும் இருவர் பிடித்து வெட்டி இழுக்கையில், நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழ்ந்து, அடர்ந்த நிறத்தின்மேல் வெண்புள்ளிகள் ஒருமிக்கத் தோன்றும். கட்டியவள் அதைப் பார்க்கும்படி நேர்வது அபூர்வம். அவளுடைய வேலை முடிச்சோடு முடிந்தது, கூலியும் முடிச்சை எண்ணித்தான்.

சின்னாளப்பட்டிக்கு அருகே அம்பாத்துறை ரயில் நிலையத்தில், 1946-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு யாத்திரை செய்த காந்தியடிகளின் ரயில் வண்டி நின்று, திரண்ட ஜனங்கள் அவரைத் தரிசித்த சம்பவம் அவ்வட்டாரத்தின் ஞாபகத்தில் இன்றும் நிற்கிறது. மறு ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் அப்பக்கத்திலேயே காந்திகிராமத்தை ஸ்தாபித்தார்கள். பெருந்தனவந்தரான டி. வி. சுந்தரம் ஐயங்காரின் குமாரத்தி, வைத்தியம் படித்தவர், நகரத்தில் சௌகரியமாக வாழ்ந்திருக்கக் கூடியவர், இந்தச் செம்மண் வெளியில் குடியேறியது அக்காலத்தார்க்கு வியப்பாயிருந்தது. கிராமப் பெண்ணின் கையிலிருக்கும் திறமைக்கு நியாயமான கூலியும் சுகாதாரமும் படிப்பும் சேர்ந்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற எண்ணத்தில், நூற்பும் நெசவும் பிற கிராமக் கைத்தொழில்களும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் ஆதாரப் பள்ளிக்கும் பக்கத்திலேயே அங்கே வைக்கப்பட்டன. தெற்கே மதுரை ஜில்லாவில் தே. கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா, வீட்டுத் தொழிலே நிலைத்த பொருளாதாரத்தின் அஸ்திவாரம் என்று அதற்கு முன்பே எழுதிவந்தார். அவருடைய கொள்கை முழுவதையும் ஒப்புக்கொள்ளாதவர்களுங்கூட, கூலியில்லாத உழைப்பைக் கணக்கில் கொண்டுவந்த அவர் பார்வையை மறுக்க முடியாது.

பூட்டையும் பிரியாணியையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் திண்டுக்கல்லார் என்னை மன்னிக்கமாட்டார்கள். மாங்காய்ப் பூட்டு முதலியன பெரிய ஆலையில் வார்க்கப்பட்டவையல்ல; நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அரமும் சுத்தியுமாக வீட்டு முகப்பில் அராவி உருவாக்கப்பட்டவை; ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறவாது என்ற கீர்த்தி அந்தக் கைவேலையினால் வந்தது. 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் திறந்து, தம் தலைப்பாகையினாலேயே பெயர்பெற்றது யாவரும் அறிந்த செய்தி. சீரகச் சம்பா அரிசியை அவர் உபயோகித்ததும், அம்மி மசாலாவின் மணமும், வீட்டுச் சமையலிலிருந்து கடைக்கு ஏறிய விஷயங்களே. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்கும் பழநிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைவாழைப்பழத்தையும் வெல்லத்தையும் தேனையும் நெய்யையும் ஏலத்தையும், தண்ணீரே சேராமல் பிசைந்தால் பல நாள் கெடாது என்ற அறிவு, வடகம் உருட்டிய அறிவுக்கு வெகு தூரத்து உறவன்று.

சுங்குடிக்கு அக்குறியீடு 2005-லேயே மதுரையின் பெயரில் வந்துவிட்டது. வந்த காலத்தில் முடிச்சுக் கட்டும் கைகள் குறைந்திருந்தன; மெழுகு அச்சும் திரை அச்சும் சின்னாளப்பட்டிப் பட்டறைகளில் நிலைபெற்று, ஒரு பெண் பத்து நாள் கட்டும் புள்ளிகளை ஒரு பகலில் பதித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. மலிவான சேலையை ஏழைக்கு எட்டச் செய்த அச்சின்மேல் எனக்குக் கோபமில்லை. அதையும் முடிச்சுச் சுங்குடியென்றே சொல்லி விற்பதுதான் பொறுக்கவில்லை. வாங்குகிறவர் சேலையை விரித்துப் புள்ளியைத் தடவிப் பார்க்கலாம். கட்டிய புள்ளியின் வட்டம் சற்றுக் கோணலாயிருக்கும், நடுவே சாயப் பொட்டு ஒன்று நிற்கும், இஸ்திரி படாத துணியில் அந்த இடம் சிறு மேடாகக் கையில் தட்டும். அச்சுப் புள்ளி தட்டையானது, ஒன்றுபோலவே மற்றொன்று. விலையில் பேரம் பேசத் தொடங்குமுன் ஒரு சாண் துணியில் எத்தனை புள்ளி என்று எண்ணிவிட்டுப் பேசுவது நியாயம்.