அவுரிச் சக்கையும் வெட்டுத்துணியும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, செம்மண் மேட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த மீனவ ஊர் பொம்மையார்பாளையம். இவ்வூரையும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களையும் உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம், சென்னை மாகாணத்தில் நீலச்சாயம் தரும் அவுரிச் செடி மிகுதியாகப் பயிரான மாவட்டங்களுள் ஒன்றாகும். பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியிலிருந்து அனுப்பிய ‘கினே’ என்னும் நீலப் பருத்தித்துணி செனகல் நாட்டில் வேலம்பிசினுக்கு மாற்றுப்பண்டமாக வழங்கிய 18, 19ஆம் நூற்றாண்டுகளில், இக்கரையின் நீலத்துக்குக் கடல்கடந்த மதிப்பு இருந்தது.

அவுரியிலிருந்து சாயம் எடுக்கும் முறையிலேயே கழிவுக்கான இடமும் வகுக்கப்பட்டிருந்தது. பூக்கும் பருவத்தில் அறுத்த செடியைத் தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, நீரில் ஓர் இரவளவு ஊறவைப்பர். புளித்து மஞ்சள் கலந்த பச்சையாக மாறிய நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் அதில் இறங்கிக் காற்றுப்பட அடித்துக் கலக்க, நிறம் நீலமாகி வண்டல் அடியில் படியும். அவ்வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, வில்லைகளாக வெட்டுவர். எஞ்சிய சக்கை, அவுரி பயறுவகைச் செடியாதலால் தழைச்சத்து மிகுந்ததாய், வயலுக்கு நல்ல எருவாயிற்று. திண்டிவனம் பகுதியில் இன்றும் நடைபெறும் இயற்கை நீல உற்பத்தியிலும் சக்கை எருவாகவே பயன்படுகிறது. எனினும் அக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்வது தவறாகும். அழுகும் தொட்டியின் நாற்றத்தையும் அதில் மொய்த்த ஈக்களையும் பொறுத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்று உழைத்தவர்கள் ஏழைக் கூலியாட்களே.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னர் அவுரிச் சாகுபடி விரைவாகச் சுருங்கியது. வேதிச் சாயங்களின் கழிவு எந்த வயலுக்கும் ஏற்றதன்று என்பதைக் கொங்கு நாட்டின் நொய்யல் ஆறு பின்னாளில் காட்டிற்று. பாசனத்துக்கென அவ்வாற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் குட்டையானது. கீழே இருந்த உழவர்களின் கிணறுகளும் உவர்ந்தன. அவர்களது நெடிய வழக்கின் விளைவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றாத பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் உறுதியாக நடைமுறைக்கு வந்த ‘கழிவுநீர் வெளியேற்றமின்மை’ என்பது, சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்தியும் மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியும் நீரை மீட்டு, மீண்டும் சாயமிடப் பயன்படுத்தும் ஏற்பாடாகும். அங்கும் ஓர் உண்மை தெளிவாயிற்று: தனித்து மீட்கப்படும் உப்பு மறுபடி சாயத்தொட்டிக்குச் செல்கிறது, பலவும் கலந்த உப்போ பயனற்ற கசடாகக் குவிகிறது. கழிவின் பயன், அது பிறவற்றோடு கலப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

புதுச்சேரிக் கரையில் துணிக்கழிவைக் கையாண்ட இரு முயற்சிகள் இந்நெறியின்படியே நடந்தன. 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலை, பின்னலாடைத் தொழிலில் மிஞ்சும் பருத்தி வெட்டுத்துணியை மூலப்பொருளாகக் கொண்டது. பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளே ஆதலால், மரக்கூழுக்குத் தேவைப்படும் கடுமையான வேதிச் சமையல் இதற்கு வேண்டியதில்லை; துணியைத் துண்டாக்கி, நீரில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி உலர்த்தினால் தாள் கிடைக்கும். ஆனால் செயற்கை இழை கலந்த துணி கூழாகாது என்பதால், பிரிக்கும் மேசையில் கண்ணும் விரலும் செய்யும் வேலையே தாளின் தரத்துக்கு அடிப்படையாகும்.

இரண்டாவது முயற்சி ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அது தாக்கியதை அடுத்து, ஆரோவிலின் உபாசனா ஆடை வடிவமைப்புக்கூடம் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களின் பெண்களுக்குத் தையலில் மிஞ்சிய துணித்துண்டுகளால் ‘சுனாமிகா’ என்னும் சிறு பொம்மைகளைச் செய்யப் பயிற்சி அளித்தது. துயரத்தில் உறைந்திருந்தவர்களின் மனத்துக்கு ஆறுதலாகத் தொடங்கிய அவ்வேலை, நன்கொடைகளின் துணையால் அவர்களுக்கு வருமானமும் ஆயிற்று. பொம்மைகள் விற்கப்படாமல் அன்பளிப்பாகவே வழங்கப்பட்டு, பல நாடுகளைச் சென்றடைந்தன. பேராலைகளின் கழிவை இத்தகைய கைவேலை தீர்த்துவிடாது. ஆயினும் கழிவிலிருந்து பிறந்த வருவாய், அக்கழிவு விழுந்த இடத்தை அடுத்து வாழ்வோரிடமே நேராகச் சேர்ந்தது என்பதால், இக்கரையின் தொழில் வரலாற்றில் அதற்கு உரிய பக்கம் ஒதுக்கப்பட வேண்டும்.