கணக்கெழுதுபவருக்குப் பாதுகாப்பு: புள்ளியியல் அதிகாரிகளும் அரசியல் தலையீடும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுத வேண்டும் என்ற கட்டளையை நாம் அடிக்கடி நினைவூட்டுகிறோம். ஆனால் அதே வசனத்தின் பிற்பகுதியில் வரும் இன்னொரு கட்டளையை அவ்வளவாகப் பேசுவதில்லை. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்வதை அது தடுக்கிறது. எழுதுபவர் அச்சத்தில் இருந்தால் கணக்கு உண்மையாக இருக்காது. இரண்டு பேருக்கு இடையிலான கடனுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், ஒரு நாட்டின் வேலையின்மையையும் விலைவாசியையும் மக்கள்தொகையையும் எழுதும் அதிகாரிகளுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும்!

நமக்கு ஏன் இந்தக் கவலை?

2006 நவம்பரில் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நாம் மறந்திருக்க முடியாது. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முஸ்லிம்கள் பின்தங்கியிருப்பதை அது நிறுவியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதமாகவும், முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதமாகவும் இருந்ததை அது சுட்டிக்காட்டியது. அதற்கு முன்பும் நாம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அரசின் சொந்தக் கணக்கே அப்படிச் சொன்னபோது அதை யாராலும் எளிதில் மறுக்க முடியவில்லை. அந்தக் கணக்கு வளைக்கப்பட்டிருந்தால் நம் கோரிக்கைக்கு ஆதாரமே இருந்திருக்காது.

வெளிநாடுகளில் நடந்தவை

அர்ஜென்டினாவில் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விலைவாசிக் குறியீட்டுக்குப் பொறுப்பாக இருந்த கிராசியேலா பெவாக்குவா அப்பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். அதன் பிறகு அரசு சொன்ன பணவீக்கம், கடைத்தெருவில் மக்கள் கண்ட விலையேற்றத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. சொந்தமாகக் கணக்கிட்டு வெளியிட்ட தனியார் பொருளாதார நிபுணர்களுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம் அந்நாட்டைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

கிரேக்கத்தில் ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூ 2010இல் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவரானார். 2009ஆம் ஆண்டின் பட்ஜெட் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 15.4 சதவீதம் என்று அவர் கணக்கிட்டார். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்நாட்டில் அவர் மீது வழக்குகள் தொடர்ந்தன. நிர்வாகக் குழுவின் ஒப்புதல் பெறாமல் கணக்கை அனுப்பினார் என்பதற்காக 2017இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 1 அன்று, வேலைவாய்ப்பு அறிக்கை வெளியான சில மணி நேரத்தில், தொழிலாளர் புள்ளியியல் துறைத் தலைவர் எரிக்கா மெக்கென்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவி நீக்கினார். முந்தைய இரண்டு மாதக் கணக்கு அந்த அறிக்கையில் 2,58,000 வேலைகள் குறைத்துத் திருத்தப்பட்டிருந்தது. கூடுதல் தகவல் வந்தபின் மதிப்பீட்டைத் திருத்துவது இத்துறையின் வழக்கம். அது மோசடிக்கு ஆதாரமாகாது.

நம் நாட்டில்

சட்ட அதிகாரம் கொண்ட புள்ளியியல் ஆணையம் வேண்டும் என்று சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001இல் பரிந்துரைத்தது. 2006இல் தேசியப் புள்ளியியல் ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் அது நாடாளுமன்றச் சட்டத்தால் அல்லாமல் அரசாணையால் உருவான அமைப்பு.

இதன் பலவீனம் 2019 ஜனவரியில் வெளிப்பட்டது. ஆணையம் ஒப்புதல் அளித்த பின்னும் 2017-18 வேலைவாய்ப்பு ஆய்வறிக்கை வெளியிடப்படவில்லை. பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினர். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்த அறிக்கை, தேர்தல் முடிந்து புதிய அரசு பதவியேற்ற மறுநாள், மே 31 அன்றுதான் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரத்தில் குறை இருப்பதாகக் கூறி, வெளியிடப் போவதில்லை என்று அரசு அறிவித்தது.

எது பாதுகாப்பு?

அதிகாரப்பூர்வப் புள்ளியியலுக்கான அடிப்படைக் கொள்கைகளை 2014இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்டது. எந்த முறையில் கணக்கெடுப்பது என்பதைத் துறை அறிவின் அடிப்படையிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பிரிட்டனில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி புள்ளியியல் ஆணையம் நாடாளுமன்றத்துக்கே பதில் சொல்கிறது. இந்த அனுபவங்களிலிருந்து சில தேவைகள் தெளிவாகின்றன:

* தலைமை அதிகாரிக்கு நிலையான பதவிக்காலம் வேண்டும். பிடிக்காத கணக்கைச் சொன்னார் என்பதற்காக அவரை நீக்க முடியாத நிலை வேண்டும்.
* அறிக்கை வெளியாகும் தேதியை முன்பே அறிவித்து, அதை அரசியல் காரணத்துக்காக மாற்றாமல் இருக்க வேண்டும்.
* அமைச்சர்கள் அறிக்கையை முன்கூட்டியே பார்த்துத் திருத்தச் சொல்லும் வாய்ப்பு இருக்கக் கூடாது.
* கணக்கிட்ட முறை பொதுவில் இருக்க வேண்டும். அப்போது தவறு இருந்தால் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட முடியும்.

நம் பங்கு

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நிற்கும்போது நம் குடும்பங்களில் தயக்கம் எழுவது புரிகிறது. தனிநபர் தரும் விவரங்களை 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது. அந்தக் காப்பை நம்ப வேண்டுமானால், கணக்கெடுக்கும் அமைப்பு அரசியலுக்கு அப்பாற்பட்டதாக மக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனவே அதிகாரியின் சுதந்திரமும் குடும்பங்களின் நம்பிக்கையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

நமக்குச் சாதகமான கணக்கு வரும்போது மட்டும் இந்தச் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுப்பது நீதியாகாது. நமக்கே பாதகமாக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சியாக நிற்கும்படி 4:135 வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதுபவரைக் காப்பதும் அந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதியே.