‘முழுசாக் குணமாயிருச்சா?’ – ஒரு கேள்வியின் வரலாறு

புற்றுநோய் சிகிச்சையை முடித்து ஊர் திரும்பியவரை, ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் படியிறங்கும் நேரத்தில் நான்கு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். சலாமுக்கு அடுத்து வரும் கேள்வி மதுரையிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் ஒன்றேதான்: “முழுசாக் குணமாயிருச்சா?” அன்பில் பிறந்த கேள்வி அது. எனினும், ‘ஆம்’ என்றால் பொய்யாகிவிடுமோ என்ற உறுத்தலும், ‘தெரியாது’ என்றால் வீட்டார் முகம் வாடுமே என்ற தயக்கமும் அவரை வாயடைக்கச் செய்கின்றன. இக்கேள்விக்கு நேரான விடை சொல்ல மருத்துவ உலகமே ஆயிரம் ஆண்டுகளாகத் தடுமாறியிருக்கிறது.

ஸ்பெயினின் குர்துபா நகரை ஒட்டி 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். அரபியில் இதன் பெயர் ‘சரத்தான்’, அதாவது நண்டு. (தமிழர் நண்டை விட்டுக் கரையான் புற்றைப் பார்த்தனர். மண்ணுக்குள் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாத ஒன்றின் பெயரை வைத்தது, என் கண்ணுக்கு, நண்டைவிடப் பொருத்தம்.) கட்டி தொடக்க நிலையில், முழுதும் அகற்றத்தக்க இடத்தில் இருந்தால் அறுக்கலாம், முற்றிப் பெருத்துவிட்டால் நெருங்க வேண்டாம் என்றார் அவர். முற்றிய நிலையில் தாம் எவரையும் குணப்படுத்தியதில்லை என்றும், பிறர் குணப்படுத்தக் கண்டதில்லை என்றும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். தம் காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர் ஒருவர் இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

‘குணம்’ என்பதற்கு ஆண்டுக் கணக்கு வந்தது மிகப் பிந்தி. ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோல்க்மன் 1875 வாக்கில் ஒரு விதி சொன்னார்: அறுவைக்குப் பின் ஓராண்டு நோய் திரும்பாதிருந்தால் நம்பிக்கை கொள்ளத் தொடங்கலாம், மூன்றாண்டு கடந்தால் ஏறக்குறைய உறுதி. பின்னர் அந்த மூன்று ஐந்தானது. இன்று நம் வீடுகளிலும் ‘அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்லை’ என்கிறோம். ஆனால் ஐந்தாண்டு என்பது ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு, ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட அளவுகோல். தனி மனிதருக்கு வழங்கப்படும் தீர்ப்பாக அதைக் கொள்ள முடியாது. சில வகைப் புற்றுகள் ஐந்தாண்டுக்குப் பின் திரும்புவது அரிது. மார்பகப் புற்றின் சில வகைகள் 15, 20 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும்.

நம் மாநிலத்தில் ‘குணமாகும்’ என்று சொல்லவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இதற்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது, எப்படியும் இறப்பவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற பேச்சே எதிர்ப்பாக வந்தது. அதையும் மீறி 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டார். மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1954இல்தான். எனினும் சென்ற தலைமுறையில் நம் பக்கத்து நோயாளிகள் பலருக்குச் சிகிச்சை என்பது இரவு ரயிலேறி அடையாறு போவது. இன்று பாலரெங்காபுரத்திலேயே அரசு மையம் இயங்குகிறது.

சிகிச்சை வந்த பின்னும் மௌனம் போகவில்லை. அமெரிக்காவிலேயே 1961இல் நடந்த ஓர் ஆய்வில், மருத்துவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979இல் அது தலைகீழாகி, 97 விழுக்காட்டினர் சொல்லிவிடுவதையே விரும்பினர். நம் குடும்பங்களோ, ‘அத்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்’ என்ற இடத்திலேயே பெரும்பாலும் நிற்கின்றன. நோயின் பெயரே தெரியாத அத்தா, பள்ளிவாசல் படியில் கேட்பவருக்கு என்ன சொல்வார்?

நலம் விசாரிப்பவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்பதில்லை என்பதற்கு நல்ல சான்று, 1981இல் அடையாறு மருத்துவமனை தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு. சிகிச்சை பெற்றவர் எப்படி இருக்கிறார் என்றறிய, விடைக்கான அஞ்சல் கட்டணம் முன்பே செலுத்தப்பட்ட அஞ்சலட்டைகளை அனுப்பினார்கள். பதில் வராதபோது வீடு தேடிச் சென்றார்கள். அவர்களுக்கு முதன்மையாக வேண்டியது உயிரோடு இருக்கிறாரா என்ற செய்தி. மருத்துவருக்கு வேண்டியது நோயின் தடயம் தென்படுகிறதா என்பது. உறவினருக்கு வேண்டியது ஆறுதல். மூவருக்கும் ஒரே சொல்லில் விடை சொல்ல முயல்வதால்தான் நாக்குத் தடுமாறுகிறது.

இந்த இடைநிலைக்கு மொழி தேடியவர் அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன். 1975இல், தம் 32ஆம் வயதில், தம்முடைய மார்பு எக்ஸ்ரேயில் தாமே கட்டியைக் கண்டவர். பத்தாண்டு கழித்து 1985இல் எழுதிய கட்டுரையில், ‘நோயாளி’, ‘குணமானவர்’ என்ற இரண்டே பெட்டிகள் போதா என்றார். சிகிச்சைக் காலம், அது முடிந்து அச்சத்தோடு காத்திருக்கும் காலம், அச்சம் மெல்லத் தணியும் காலம் என மூன்று பருவங்களைக் காட்டினார். நம்மவர் பலர் நிற்பது இரண்டாவதில். தலைமுடி வளர்ந்துவிட்டது, கடைக்குப் போகிறார், ஆனால் அடுத்த ஸ்கேனுக்கு முந்தைய வாரம் தூக்கம் வருவதில்லை.

நம்மிடமும் சொற்கள் இருக்கின்றன. ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பதை நோயுற்றவரும் சொல்கிறார், நலமுற்றவரும் சொல்கிறார். அது நன்றி, மருத்துவ அறிக்கையன்று. அதைச் சொன்ன பின், “சிகிச்சை முடிந்தது, இப்போது நோயின் தடயம் இல்லை, பரிசோதனைக்குப் போய்வருகிறேன், துஆச் செய்யுங்கள்” என்றால் அதில் பொய்யுமில்லை, வாட்டமுமில்லை. வெறுமனே ஊர்க்கதைக்காகக் கேட்பவருக்கு முதல் சொல்லே போதும்.

பெண் பேசி முடிக்கும் வீடுகளில்தான் இது கடுமையாகிறது. தாயின் நோயை மறைத்து நிச்சயம் முடிப்பவர்கள் உண்டு. புற்றுநோய் தொற்றாது, பரம்பரை மரபணுக் கோளாற்றால் நேருபவை நூற்றில் ஐந்து முதல் பத்துதான். அந்த வகையா இல்லையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்து வைத்துக்கொண்டால், சம்பந்தி வீட்டாரிடம் தாயே பேசலாம். அதற்கு முதலில் அவர் கையில் ஒரு தாள் வேண்டும்: நோயின் பெயர், எந்த நிலை, என்ன மருந்து, எத்தனை கதிர்வீச்சு, எந்தத் தேதியில் முடிந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளில் தரும் சுருக்கத்தில் இவை இருக்கும். பல வீடுகளில் அது மகனின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.