ஏரி மேல் எழுந்த கடைத்தெரு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் தாமல். அங்கே எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் என் தொழில் திட்டத்தை முதன்முதலில் விளக்கினேன். நெசவாளர் செயலியில் புடவையின் படத்தை ஏற்றுவார், வேண்டியவர் நேரடியாக வாங்கிக்கொள்வார், இடையில் யாரும் இல்லை. சந்தையில் யாரும் நிரப்பாத இடம் இதுதான் என்று சொல்லி முடித்தேன். தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த பெரியப்பா ஒரே கேள்வி கேட்டார்.

"வித்தா காசு வரும், சரி. விக்கிற வரைக்கும் அடுப்பு எரிய என்னடா பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. நமக்கு முன்னால் இந்த இடைவெளியை யார் எப்படி நிரப்பினார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

1920களில் சென்னையில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்துப் புதிய குடியிருப்பு ஒன்றை அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரில் அது தியாகராய நகர் ஆனது. இன்று நாம் பார்க்கும் நெரிசல் அன்று இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து பட்டுப்புடவைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்ற நல்லி சின்னசாமி செட்டியார், 1928ல் அந்தப் புதுப்பேட்டையில் கடை போட்டார். மாம்பலம் வழியாக மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே 1931ல்தான்.

அவர் புதுப் பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. புடவை காஞ்சிபுரத்தில் இருந்தது, கல்யாணம் சென்னையில் நடந்தது. நடுவில் சுமார் 75 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் குறைத்ததுதான் அவர் செய்த தொழில் என்று படுகிறது. என் செயலியும் அதையேதான் செய்வதாக நினைத்திருந்தேன். ஆனால் கடை இன்னொரு வேலையும் செய்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. கடைக்காரர் புடவையை வாங்கி அலமாரியில் வைக்கிறார். அது விற்கும்வரை காத்திருப்பது அவருடைய முதல். என் திட்டத்தில் அந்தக் காத்திருப்பு மொத்தமும் நெசவாளர் தலையில் விழுந்தது.

கோர்வைப் புடவை என்றால் உடலும் கரையும் தனித்தனி நிறம். தறியில் இரண்டு பேர் வேண்டும், முடிய 15, 20 நாள்கூட ஆகும். பட்டு கர்நாடகத்திலிருந்து வர வேண்டும், ஜரிகை சூரத்திலிருந்து. கைக்காசில் இதையெல்லாம் வாங்கி நெய்யக்கூடியவர்கள் குறைவு. அதனால் முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார், கூடவே முன்பணமும். அந்த முன்பணம் அடுப்பையும் எரிக்கும், ஆளையும் கட்டிப்போடும். கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது.

இந்த இரண்டாவது இடைவெளியை நிரப்பப் பிறந்தவைதான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள். அவற்றின் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது 1935ல், நல்லி கடை வந்து ஏழு ஆண்டு கழித்து. சங்கம் பாவும் ஜரிகையும் தரும், நெய்து கொடுத்தால் கூலி தரும், விற்கும் கவலை அதனுடையது. வாங்குபவரின் தேவையை ஒரு வியாபாரி கண்டார். நெய்பவரின் தேவைக்கு நெய்பவர்களே கூட வேண்டியிருந்தது.

திட்டத்தைத் திருத்தி மறுபடி திண்ணைக்குப் போனேன். "நான் கொஞ்சம் முதல் போட்டு, முன்பணம் கொடுத்துட்டா?"

"அப்போ நீ புது முதலாளி."

"நெசவாளருங்களே பங்கு போட்டா?"

பெரியப்பா சிரித்துவிட்டார். "அதுக்குப் பேருதான்டா சங்கம்."

சிரிப்பு அடங்கியதும் அவரே சொன்னார். கல்யாணத் தேதி ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தெரியும், புடவை நெய்ய ஒரு மாசம் போதும், அப்போ காத்திருக்க வேண்டியது நெய்றவனா, வாங்குறவங்களா?

நிரப்பாத இடம் அதுதான். கல்யாண வீட்டார் நிறமும் கரையும் முன்கூட்டிச் சொல்லி, பாதிப் பணம் கட்டுவார்கள். அந்தப் பணத்தில் பாவு ஏறும், வாரக்கூலி போகும். செயலியின் பெரும்பகுதியை அழித்துவிட்டேன். இப்போது அதில் மிச்சம் இருப்பது ஒரு தேதியும் ஒரு கணக்கும்தான். தாமலில் மூன்று தறிகளில் ஆரம்பித்திருக்கிறோம். முதல் தறி பெரியப்பாவுடையது.