தீயில் போன மரத் தேவாலயம்

திருநெல்வேலியில் நோர்வேக்குப் பிள்ளையை அனுப்பாத ஒழுங்கை அரிது. அங்கிருந்து வரும் படங்களில் பேர்கன் நகரின் ஃபாண்டொஃப்ட் மரத் தேவாலயமும் சிலவேளை இருக்கும். அடுக்கடுக்கான கூரை, கரிய பலகை, முகட்டில் யாளி போன்ற தலைகள். நம் ஊர்த் தேர்தான் நினைவுக்கு வரும்.

சுமார் 1150இல், ஃபொர்துன் என்ற மலையூரில் கத்தோலிக்கர் கட்டிய கோயில் இது. 1537இல் டென்மார்க் அரசன் நோர்வேயையும் லூதரன் மதத்துக்கு மாற்றியபோது இதுவும் லூதரன் கோயிலாயிற்று.

கறையான் ஏறிவிட்டதா என்று தீராந்தியைத் தட்டிப் பார்க்கும் நமக்கு, மரம் எப்படி இத்தனை நூற்றாண்டு நின்றது என்பதே அதிசயம். தூண்களை அவர்கள் மண்ணில் நடவில்லை. கல்லடுக்கின்மேல் கிடத்திய அடிவளையில் நிறுத்தினார்கள், ஈரம் ஏறவில்லை. வெளியே பைன் மரத்தில் வடித்த தாரைப் பூசிக்கொண்டே வந்தார்கள். இவ்வகைக் கோயில்கள் ஒருகாலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தனவாம். இன்று எஞ்சியவை 28.

ஊரார் புதுக்கோயில் கட்டியபின் பழையதை இடிக்க இருந்தார்கள். பிரெட்ரிக் ஜோர்ஜ் காடே என்ற பேர்கன் செல்வந்தர் அதை வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றி, 1883இல் ஃபாண்டொஃப்டில் பூட்டினார். அப்போது போர்குண்ட் ஊர்க் கோயிலை மாதிரியாக வைத்து வெளித்தோற்றத்தையும் மாற்றிவிட்டார்கள். அந்த யாளித் தலைகள் அக்காலத்தவைதாம்!

1992 யூன் 6ஆம் திகதி யாரோ வைத்த தீயில் எல்லாம் சாம்பலாயிற்று. பழைய கைமுறையிலேயே மறுபடி எழுப்பி 1997இல் முடித்தார்கள். ஆனால் அந்த 28 என்ற கணக்கில் இது இல்லை. கணக்குச் சரிதான். எனினும் எரிந்ததே பாதி புதிது அல்லவா? மரக்கோயிலில் பலகை மாறும், தூண் மாறும். வடிவமும் தச்சும் திரும்பினால் கோயிலும் திரும்பும் என்றே எனக்குப் படுகிறது.

இதை எண்ணும்போது மனம் யாழ்ப்பாண நூலகத்துக்கே போகிறது. அதுவும் யூன் பிறக்கும் வேளையில், 1981 மே 31 இரவில் மூட்டிய தீ. பழைய தோற்றத்திலேயே கட்டடம் எழுந்து 2003இல் திறந்தது. எரிந்த 97,000 நூல்களில் பிரதி உள்ளவற்றைத் தேடி வாங்கலாம். ஏட்டுச்சுவடியை எந்தத் தச்சர் செய்து தருவார்?

பேர்கனில் உள்ள பிள்ளைகள் அடுத்தமுறை படம் எடுக்கும்போது, முகட்டோடு நின்றுவிடாமல், தூண் வந்து அடிவளையில் பொருந்தும் இடத்தையும் எடுத்து அனுப்பட்டும். இங்கே தச்சுவேலை செய்பவர்கள் ஆவலோடு பார்ப்பார்கள்.